எரிப்பதா, விற்பதா?

தேங்காய் எண்ணெயில் வண்டி ஓடும். ரப்பர் விதையிலும் ஓடும். ஆய்வுக்கூடங்கள் நிரூபித்துவிட்டன. ஆனால் செடிகொடிகளை விற்றே பல நூற்றாண்டுகள் பிழைத்த கொச்சி போடும் கணக்கு வேறு.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் வழி கேட்கத் தேவையில்லை. மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். சுக்கு, மிளகு, ஏலக்காய், மஞ்சள், கொப்பரை என்று கிடங்குக்குக் கிடங்கு வாசனை மாறும். பின்வாசலில் காயல். ஒரு காலத்தில் வள்ளங்கள் அங்கேயே வந்து நின்று மூட்டை ஏற்றிக்கொண்டு போயின. குஜராத்திகள், கட்சி மேமன்கள், கொங்கணிகள், யூதர்கள், தமிழர்கள் என்று இங்கே வந்து சேர்ந்தவர்களை நிலைக்கச் செய்தது ஏதோ ஒரு செடியின் காயோ, பட்டையோ, வேரோதான்.

பழைய ஜோர் இல்லை என்பது உண்மை. 2011ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. சரக்கு மட்டாஞ்சேரியின் சந்துகளுக்குள் நுழையாமலே கப்பலேற வழி பிறந்தது. பல கிடங்குகள் பழம்பொருள் கடைகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. ஜூ டவுனில் 1957 முதல் மிளகில் முன்பேர வர்த்தகம் நடத்திய இந்திய மிளகு மற்றும் வாசனைப் பொருள் வர்த்தக சங்கத்தின் கூடத்தில், கூவிக் கூவி விலை பேசிய காலமும் மலையேறிவிட்டது. கம்ப்யூட்டர் வந்தது, வியாபாரம் மும்பைக்குப் போனது. ஆனாலும் கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் கொச்சியும் காங்கேயமும் இன்றும் ஒன்றை ஒன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் விலை சொல்கின்றன.

அந்த விலைதான் விஷயம். 2025ன் நடுப்பகுதியில் கேரளத்தில் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. ஓணத்துக்கு உப்பேரி எதில் பொரிப்பது என்று வீடுகள் கவலைப்பட்டன. அப்போது கொச்சியில் டீசல் லிட்டர் 95 ரூபாய்க்குப் பக்கம். அதாவது ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் வாங்கும் காசில் 4 லிட்டர் டீசல் போட்டுக்கொள்ளலாம்! தாவர எரிபொருள் பற்றி இருபது ஆண்டுகளாகப் பேசப்பட்டவற்றில் பாதிக்கு இந்த ஒரு வரிக் கணக்கே பதில் சொல்லிவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 1900ல் நடந்த பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. பயோடீசல் தயாரிக்கும் ரசாயனமும் எளிது. எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கிக் கிளறினால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே மிதப்பது எரிபொருள். (மெத்தனாலைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ எடுக்கிறார்கள் என்பதைப் பசுமைப் பிரசங்கிகள் சொல்வதில்லை.) தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும் சமாசாரம்தான் என்றாலும், இப்படி மாற்றிய பிறகு நன்றாகவே எரிகிறது. கொச்சியில் எஸ்.சி.எம்.எஸ். கல்விக் குழுமத்தின் உயிர்த் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் 2010களில் தேங்காய் எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரித்து வாகனத்தில் ஓட்டியும் பார்த்தது.

அந்தக் காலகட்டத்தில் அது அசட்டு யோசனை அல்ல. கொப்பரை விலை விழுந்து கிடந்தது. 2012ல் அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,100 ரூபாய். அதற்கும் கீழே விற்றுவிட்டு விவசாயிகள் நொந்துபோனார்கள். தேங்காயை எரித்தாவது விலையைத் தூக்கி நிறுத்தலாம் என்று தோன்றியதில் நியாயம் உண்டு. 2025ல் அதே கொப்பரைக்கு ஆதரவு விலை 11,582 ரூபாய். சந்தை அதற்கும் வெகு உயரத்தில். ஆய்வு தோற்கவில்லை. ஆய்வுக்கு அடிப்படையாக இருந்த விலை ஓடிப்போய்விட்டது.

இந்த விளையாட்டில் கேரளத்தைவிட ஆழமாக இறங்கியது பிலிப்பைன்ஸ். 2006ல் அங்கே நாடாளுமன்றம் உயிரி எரிபொருள் சட்டம் நிறைவேற்றியது. டீசலில் 1 சதவீதம் தேங்காய் பயோடீசல் கட்டாயம் என்று தொடங்கி, 2009ல் 2 சதவீதம், 2024 அக்டோபரில் 3 சதவீதம் என்று ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே 4 ஆக்குவதாகத் திட்டம். 2025ல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியதும் அரசு அதை நிறுத்தி வைத்தது. உலகிலேயே அதிகம் தேங்காய் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கே கட்டுப்படியாகாதபோது, தன் சமையலுக்கே தமிழ்நாட்டுத் தேங்காயை எதிர்பார்க்கும் கேரளத்துக்கு எப்படிக் கட்டும்?

டெல்லியின் கவனம் வேறு செடியில் இருந்தது. தமிழக விவசாயிகளுக்கு அந்தச் செடியை நினைவுபடுத்தத் தேவையில்லை: காட்டாமணக்கு. 2003ல் திட்டக் கமிஷனின் குழு ஒன்று, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு பயிரிட்டு 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தது. முதல் கட்டமாக 4 லட்சம் ஹெக்டேர். ஆடுகூடக் கடிக்காது, தண்ணீர் வேண்டாம், கல்லிலும் முளைக்கும் என்று பிரசாரம். நாற்றுப் பண்ணைகள் முளைத்தன. ஒப்பந்த சாகுபடிக் கம்பெனிகள் கிராமம் கிராமமாக வந்தன.

வேலியில் தானாக வளரும் செடியை வயலில் நட்டு, ரகம் என்று ஒன்று உருவாகும் முன்பே, கோடிக்கணக்கில் பரப்பப் பார்த்தார்கள். எந்தப் பயிருக்கும் முதலில் நடக்க வேண்டிய ஆராய்ச்சி இதற்கு மட்டும் கடைசியில் நடந்தது. அதன் முடிவுகளும் கசந்தன. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களின் காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி 2010ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்த கட்டுரை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியாக வேண்டுமானாலும் பாசனம் வேண்டும் என்றது. தண்ணீர் வேண்டாத செடிக்குத் தண்ணீர் உள்ளவன்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று ஆயிற்று. சிறு விவசாயி மேலும் ஓரங்கட்டப்படக்கூடும் என்றும் அந்தக் கட்டுரை எச்சரித்தது.

2009ல் வந்த தேசியக் கொள்கை அதே 20 சதவீத இலக்கை 2017க்குத் தள்ளி வைத்தது. 2018ன் கொள்கை அதை 5 சதவீதமாகக் குறைத்து, 2030 என்று புதுக் கெடு கொடுத்தது. பயோடீசல் கலப்பு இன்னும் 1 சதவீதத்தை எட்டவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பது மட்டும் 2025ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. காரணம் எளிது. கரும்பும் சோளமும் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்தன, ஆலைகளும் இருந்தன, வாங்குபவரும் விலையும் உறுதி. கேரளத்தில் கரும்பு பெயருக்குத்தான். உபரித் தானியமோ கிடையவே கிடையாது. ஆகவே அந்த ரயிலிலும் இடமில்லை.

கேரளத்துக்கே உரிய எண்ணெய் வித்து ஒன்று உண்டு: ரப்பர் விதை. மழைக்கால மாதங்களில் காய் வெடித்துச் சிதறி, தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். பருப்பில் 40 முதல் 50 சதவீதம் வரை எண்ணெய். சாப்பிட உதவாது, எனவே சமையலறையோடு சண்டை இல்லை. சிக்கல் அதன் அமிலத்தன்மை. விதை ஈரத்தில் கிடப்பதால் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் 17 சதவீதம் வரை இருக்கும். அதில் நேராகக் காரத்தைச் சேர்த்தால் பயோடீசலுக்குப் பதில் சோப்பு கிடைக்கும்! கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ராமதாஸ், ஜெயராஜ், முரளீதரன் ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். முதலில் அமிலத்தை வைத்து ஒரு கட்டம், பிறகு காரத்தை வைத்து ஒரு கட்டம். 2005ல் 'ஃப்யூயல்' ஆய்விதழில் வந்த அவர்களது கட்டுரையை உலகெங்கும் பயோடீசல் ஆய்வாளர்கள் எடுத்தாள்கிறார்கள். மலேசியாவிலும் நைஜீரியாவிலும் ரப்பர் விதை ஆய்வு நடக்கும் இடமெல்லாம் கோழிக்கோட்டின் பெயர் வரும்.

கேரளத்தின் லாரிகளில் மட்டும் அது வரவில்லை. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு சுமார் 150 கிலோ விதைதான் கிடைக்கும். அத்தனையும் எண்ணெய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லாரியின் டேங்க் நிரம்பாது. அதை மழையில், அட்டைக்கடியில், சரிவில் குனிந்து பொறுக்க ஆள் வேண்டும். கேரளத்தின் தினக்கூலி நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று. ஆய்வுக்கூடம் எண்ணெயின் அமிலத்தைக் குறைத்தது. விதை பொறுக்கும் கூலியை யார் குறைப்பது?

பணம் எங்கிருந்து வந்தது?

ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது கொச்சிக்குப் புதிதல்ல. 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் தளபதியாக இங்கே இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளைப் படம் வரைந்து, பெயர் எழுதி, குணம் சொல்லும் பெரும் வேலையை அவர் தொடங்கினார். அறிவுத் தாகம் மட்டுமே காரணம் இல்லை. ஆசியாவில் இருந்த டச்சுக்காரர்களுக்கு மருந்து ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. உள்ளூரிலேயே மூலிகை கிடைத்தால் செலவு மிச்சம். இன்னொரு சங்கதியும் உண்டு. கம்பெனிக்கு முக்கியத் தளம் கொழும்பா, கொச்சியா என்று அதிகாரிகளுக்குள் போட்டி. மலபாரில் என்னென்ன இருக்கிறது பாருங்கள் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிராந்தியத்துக்கு நிதி கேட்டு டெல்லிக்குப் போகும் திட்ட அறிக்கைகளுக்கெல்லாம் இதுதான் முப்பாட்டன்.

'ஹோர்துஸ் மலபாரிகுஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 740க்கும் மேற்பட்ட தாவரங்கள். முதல் தொகுதியின் முதல் தாவரம் தென்னை! செடிகளை இனம்காட்டியவர் சேர்த்தலைக்கு அருகிலிருந்து வந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவரோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். அவர்களது சாட்சியக் கடிதங்களை வான் ரீட் நூலிலேயே அச்சிட்டார் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய நாணயம். ஆனால் நூல் லத்தீனில் இருந்தது. அது ஆங்கிலத்துக்கு வர 2003 ஆயிற்று. தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் தன் வாழ்வின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தார். பூட்டிய பெட்டிக்குள் 325 ஆண்டுகள் இருந்த ஊர் அறிவு!

அறிவு கொடுத்தவருக்குப் பங்கு என்ன என்ற கேள்விக்குக் கேரளத்தில் ஒரு நவீன பதிலும் உண்டு. அகத்தியர் மலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமல் நடக்க ஏதோ காயைத் தின்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் புஷ்பாங்கதனின் குழு அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது வந்த 10 லட்சம் ரூபாயில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. உலக மாநாடுகளில் புகழப்பட்ட ஏற்பாடு. தொகை சிறியதுதான். ஆனால் அரசு ஆய்வு நிலையம் ஒன்று பழங்குடியினருடன் வரும்படியைப் பங்கு போட்டுக்கொண்டது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம்.

இருபதாம் நூற்றாண்டில் தென்மேற்குக் கரையின் பயிர்களுக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணத்தில் கணிசமான பகுதி அந்தப் பயிர்களிடமிருந்தே வசூலானது. காசர்கோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையத்தை 1916ல் தொடங்கியது சென்னை மாகாண அரசு. 1944ல் வந்த தென்னைக் குழுச் சட்டம் ஆலைக்குள் போகும் கொப்பரைக்குத் தீர்வை விதித்தது. எர்ணாகுளத்தில் இயங்கிய குழு அந்தப் பணத்தில் ஆராய்ச்சியை நடத்தியது. மட்டாஞ்சேரி வியாபாரி ஆலைக்கு அனுப்பிய ஒவ்வொரு மூட்டையிலும் காசர்கோட்டுக்கு ஒரு துளி இருந்தது. ரப்பருக்கு 1947ன் சட்டம், கயிற்றுக்கு 1953ன் சட்டம், வாசனைப் பொருள் ஏற்றுமதிக்கு 1986ன் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தீர்வை. கோட்டயத்தில் 1955ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே ரகம் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களை அடியோடு மாற்றியது. மிளகுக்கு மாகாண அரசே 1952ல் கண்ணூர் அருகே பன்னியூரில் நிலையம் அமைத்தது. உலகின் முதல் கலப்பின மிளகு அங்கேதான் பிறந்தது.

தீர்வை ஏற்பாட்டில் கோளாறு இல்லாமல் இல்லை. பணம் முதலில் மத்திய கஜானாவுக்குப் போகும். அங்கிருந்து எப்போது, எவ்வளவு திரும்பும் என்பது அதிகாரிகளின் மனதைப் பொறுத்தது. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். வாசனைப் பொருள் ஏற்றுமதித் தீர்வை 2006ல் நீங்கியது. ஜி.எஸ்.டி. வந்தபோது, 2017ல், ரப்பர் தீர்வையும் போனது. வரி குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பயிருக்கு இவ்வளவு வசூலாகிறது, எங்கள் ஆராய்ச்சி எங்கே என்று கேட்கும் பிடி நழுவிவிட்டது. நிலையங்கள் பட்ஜெட்டுக்காகவும், பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும் திட்ட நிதிக்காகவும் காத்திருக்கின்றன. அந்தத் திட்ட நிதிக்குத் தலைப்பு எழுதுபவர் டெல்லியில் இருக்கிறார். ஒரு சமயம் காட்டாமணக்கு, இன்னொரு சமயம் வேறு ஏதாவது.

சாறு பிழிந்த பணம்

எரிபொருள் பேச்சில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு வெற்றிக்கதை கொச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மிளகைப் பொடித்து, கரைப்பானில் கழுவி, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் கரும்பச்சையாகப் பிசுபிசுப்பான ஒரு சாறு மிஞ்சும். ஓலியோரெசின் என்று பெயர். மிளகின் காரமும் மணமும் அத்தனையும் அதில். ஐரோப்பாவில் சாசேஜ் தயாரிப்பவருக்கு மூட்டை மிளகு வேண்டாம். இந்தச் சாற்றில் ஒரு டின் போதும். பூச்சி பிடிக்காது, ஒவ்வொரு முறையும் ஒரே ருசி.

இந்த நுட்பத்தை இந்தியாவில் வளர்த்ததில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கோலஞ்சேரி அருகே கடயிருப்பில் சி.வி. ஜேக்கப் 1972ல் சிந்தைட் நிறுவனத்தைத் தொடங்கியபோது சந்தையே சந்தேகமாக இருந்தது. இன்று அது உலகின் மிகப் பெரிய ஓலியோரெசின் உற்பத்தியாளராகக் கருதப்படுகிறது. மிளகோடு நிற்கவில்லை. மஞ்சளிலிருந்து குர்குமின், மிளகாயிலிருந்து நிறம், துலுக்கச் செவ்வந்தியிலிருந்து லூட்டீன் என்று கொச்சியைச் சுற்றிய நிறுவனங்கள் விரிந்தன. கர்நாடகத்திலும் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களிலும் ஒப்பந்தத்தில் விளையும் அந்தப் பூ, கோழித் தீவனத்தில் கலந்து எங்கோ ஒரு முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுக்கிறது.

சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை? அதை ஆலையின் கொதிகலனில் போட்டு எரிப்பதும் உண்டு. இந்தப் பகுதியின் தாவர எரிபொருள் இப்படித்தான் சத்தமில்லாமல் எரிகிறது. முதலில் மணத்தை விற்பது, பிறகு நிறத்தை விற்பது, கடைசியில் எதற்கும் ஆகாததை எரிப்பது. தேங்காய் எண்ணெயை நேரே எஞ்சினில் ஊற்றும் யோசனை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

எண்ணெயும் மிளகும் தவறான வழியில் சந்தித்த கதையும் கொச்சியில் உண்டு. 2012 கடைசியில், முன்பேர வர்த்தகச் சந்தைக்காகக் கொச்சிக் கிடங்குகளில் வைத்திருந்த பல ஆயிரம் டன் மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பளபளப்புக்காகவும் பூஞ்சை தொடாமலிருக்கவும் பூசுவதாம்! விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மிளகு முன்பேர வர்த்தகமே 2013ல் நின்றுபோனது. ஆராய்ச்சிப் பணம் என்றால் புது ரகம், புது எரிபொருள் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனைக்கூடம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கழிவைக் காசாக்கியதில் கயிற்றுத் தொழில் இன்னும் நல்ல உதாரணம். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தால் சோறு என்று கேரளத்திலும் கழிவு என்று தமிழகத்திலும் சொல்லப்பட்ட தூள் மலைபோல் குவியும். மழையில் ஊறி கிணற்றைக் கெடுக்கும். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்த காலம் உண்டு. ஆலப்புழை அருகே கலவூரில் 1959 முதல் இயங்கும் மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சிப்பிக் காளானை விட்டு அதை மட்க வைக்கும் வழியைப் பரப்பின. இந்தியாவின் கயிற்றுப் பொருள் ஏற்றுமதி 2021-22ல் 4,340 கோடி ரூபாயை எட்டியது. பட்டியலில் முதலிடம் பாய்க்கோ கயிற்றுக்கோ அல்ல, இந்தத் தூளுக்குத்தான். மண்ணில்லாமல் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைகளுக்குப் பொள்ளாச்சித் தூள் கட்டியாகப் போகிறது.

எரிபொருள் ஆராய்ச்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திருவனந்தபுரத்தின் சி.எஸ்.ஐ.ஆர். நிலையத்தில் அசோக் பாண்டேயின் குழு வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் நொதிகளைப் பற்றி நல்ல வேலை செய்தது. ஆனால் கேரளத்தில் வைக்கோல் கழிவு அல்ல. மாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் தீவனம். அந்த ஆய்வின் பலன் வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் போனால் நல்லது. கொச்சிக்குப் பொருந்துவது வேறு கழிவு. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து நகரமே மூச்சுத் திணறியது. அதன் பிறகுதான் அங்கே நாளொன்றுக்கு 150 டன் மட்கும் குப்பையிலிருந்து வாயு எடுக்கும் ஆலையை பாரத் பெட்ரோலியம் மேற்கொண்டது. காய்கறித் தோலும் வாழை இலையும் எரிபொருளாவதில் யாருடைய அடுப்புக்கும் நஷ்டம் இல்லை.

தேங்காய் எண்ணெய் 400 ரூபாயைத் தாண்டியதற்குக் காரணம் யாரும் அதை டேங்கில் ஊற்றியதல்ல. தேங்காய் குறைந்துவிட்டது. வெப்பம், மழைக் குறைவு, வெள்ளை ஈ என்று பல காரணங்கள். அவற்றில் பழையது கேரள வேர் வாடல் நோய். 1882ன் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்ணில் பட்டதாகச் சொல்வார்கள். ஓலைகள் விலா எலும்புபோல் உள்ளே வளையும், மஞ்சளாகும், காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். மரம் சாகாது, அதுதான் கொடுமை. காயே இல்லாமல் பல ஆண்டுகள் நின்று, பக்கத்து மரத்துக்கும் நோயைக் கொடுக்கும். காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் என்று 1983ல்தான் தெரிந்தது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரு வகைத் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன. மருந்து இன்றுவரை கிடையாது.

இந்த நோய்க்காகவே 1940களின் கடைசியில் காயங்குளத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். நோய் கடுமையாக உள்ள தோப்புகளில் தப்பி நிற்கும் மரங்களைத் தேடிப் பிடித்து, கையால் மகரந்தம் சேர்த்து, கன்றை நட்டு, காய்க்கும்வரை காத்திருந்து, நோய் தொடுகிறதா என்று மேலும் பல ஆண்டுகள் பார்ப்பது அங்கே வேலை. மூன்று ஆண்டுத் திட்ட நிதியில் ஒரு தென்னை பாளைகூட விடாது. கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்று தாங்கி நிற்கும் ரகங்கள் வந்திருக்கின்றன என்றால் அது தலைமுறை தாண்டிய பொறுமை.

நோய் காத்திருக்கவில்லை. மலை தாண்டி தென்காசி, குமரி, தேனி வந்து, பொள்ளாச்சியும் ஆனைமலையும் வந்துவிட்டது. கேரளத்துக்கு இளநீரும் தேங்காயும் கொப்பரையும் அனுப்பிய தோப்புகளில் விவசாயிகள் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, நஷ்டஈடு கேட்டுப் போராடியிருக்கிறார்கள். வெட்டிய குழியில் நட அவர்கள் தேடுவது காயங்குளம் மாதிரியான இடங்களில் உருவான கன்றுகளை. அவை தேவைக்குக் கொஞ்சமும் போதவில்லை. ஒரு தாய்மரத்திலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் விதைக்காயை எண்ணிவிடலாம். இப்போது நடும் கன்று காய்த்து, அதன் கொப்பரை மட்டாஞ்சேரிக்கு வந்து சேர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.